ஆணி அடிக்கக் கூடாத ஸ்டேஷன்

எங்கள் மலை ரயிலில் எஞ்சின் முன்னால் இருக்காது. ஏறும்போது பின்னாலிருந்துதான் தள்ளும். முதல் தடவை வருகிறவர்கள் பிளாட்பாரத்தில் நின்று இந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு, "வண்டியைத் திருப்பி மாட்டிட்டாங்களா?" என்று கேட்பார்கள். திருப்பியெல்லாம் மாட்டவில்லை. செங்குத்தான ஏற்றத்தில் ஒரு பெட்டி கழன்றுகொண்டால் எஞ்சின் கீழே நின்று அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும். பாதை போட்ட காலத்திலேயே யோசித்துச் செய்த ஏற்பாடு அது.

அதில் ஒரு வில்லங்கம் உண்டு. வண்டியை ஓட்டுகிறவருக்குப் பாதை தெரியாது. பாதை தெரிகிறவருக்கு வண்டி ஓட்ட வழியில்லை. அதற்காகத்தான் முன்பெட்டியின் முகப்பில் ஒரு சின்ன பால்கனி வைத்து, அதில் ஓர் ஆளை நிறுத்தியிருக்கிறார்கள். அந்த ஆளுக்கு பிரேக்ஸ்மேன் என்று பெயர். பல வருடங்களாக அங்கே ஆண்கள் மட்டுமே நின்றார்கள். இப்போது நான் நிற்கிறேன். ஆள் மாறியும் பெயரை மாற்றவில்லை, நானும் பிரேக்ஸ்மேன்தான்.

என் கையில் ஒரு பச்சைக் கொடி, ஒரு சிவப்புக் கொடி. பக்கத்தில் ஒரு கை பிரேக் சக்கரம். பாதை நன்றாக இருந்தால் பச்சையைப் பக்கவாட்டில் நீட்டிப் பிடிப்பேன். பின்பெட்டியில் நிற்கிற பிரேக்ஸ்மேன் அதைப் பார்த்துத் தன் பச்சையை நீட்டுவார். அதைப் பார்த்து டிரைவர் தள்ளுவார். நான் சிவப்பு காட்டினால் பின்பெட்டியிலும் சிவப்பு வரும், வண்டி நிற்கும். வண்டியில் இருப்பது இரண்டே பெட்டி. நடுவில் வேறு யாரும் இல்லை. வாக்கி டாக்கியும் கொடுத்துப் பார்த்தார்கள். மலை வளைவுக்குள் போனதும் அதில் இரைச்சல்தான் கேட்டது. பெட்டிகள் அரதப் பழசு, இழுத்து நிறுத்தச் சங்கிலியும் கிடையாது. ஆக, எங்களுக்குள் கொடிதான் பேச்சு.

பின்பெட்டியில் நிற்பவரை ஸ்டேஷனில் எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிடுவோம். யாருக்கு மாமா என்று கேட்டால் அவருக்கே தெரியாது. எஞ்சினில் இருக்கும் டிரைவர் என் கூடப் பிறந்த அண்ணன்.

அண்ணன் என்னோடு பேசுவதில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலைக்கு வருமுன் நான் இதே பாதையில் கேங் வேலை பார்த்தேன். தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி போட்டு இறுக்குகிற வேலை. குனிந்த தலை நிமிராமல் பாதை முழுவதும் பார்த்திருக்கிறேன். ஆனால் பார்த்ததெல்லாம் கல்லும் கட்டையும்தான். மலை எப்போதும் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. வண்டி வரும்போது நாங்கள் ஓரம் ஒதுங்குவோம். ஜன்னலில் இருக்கிறவர்கள் எங்கள் தலைக்கு மேலே அருவியைப் படம் எடுப்பார்கள். ஒருநாள் அப்படி ஒதுங்கி நின்றபோது முன்பெட்டி பால்கனியில் நின்ற ஆளைப் பார்த்தேன். மொத்த மலையும் அவன் முகத்துக்கு நேரே திறந்து கிடந்தது. அவனோ கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. அந்த இடத்தில் நான் நிற்பேன் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். கேட்டேன், இல்லை என்றார்கள். மறுபடி கேட்டேன், பெண்கள் நின்றதில்லை என்றார்கள். மறுபடியும் கேட்டேன். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். எங்கள் அதிகாரிகள் அம்மியைவிடக் கொஞ்சம் கனம், அதனால் கொஞ்சம் அதிகம் அடிக்க வேண்டியிருந்தது.

வேலை கிடைக்கப்போகிறது என்று தெரிந்ததும் அண்ணன் நேராக எங்கள் பாதையை மேற்பார்க்கிற ரயில்வே இன்ஸ்பெக்டரிடம் போய்விட்டான். "சார், அவ அவசரக்குடுக்கை. சின்ன வயசுல கயித்தைப் பாத்துப் பாம்புன்னு கத்தி தெருவையே கூட்டினவ. அவ கொடியை நம்பி நான் எப்படி வண்டி தள்றது?" என்று கேட்டிருக்கிறான். இன்ஸ்பெக்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் விஷயம் என் காதுக்கு வந்துவிட்டது. நான் வீட்டுக்கே போய் நாலு வார்த்தை கேட்டேன். நாற்பது வார்த்தையாக இருக்கலாம். அன்றிலிருந்து அண்ணன் வாயை மூடிக்கொண்டான்.

எங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவள் அண்ணிதான். பிளாட்பாரத்தில் கேன்டீன் நடத்துகிறாள். காலையில் வண்டி கிளம்புமுன் நான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், அண்ணன் அடுத்த பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருப்பான்.

"உங்க அண்ணன் கேக்கறாரு, சாப்டியான்னு" என்பாள் அண்ணி.

"சாப்ட்டேன்னு சொல்லுங்க அண்ணி."

அண்ணி இரண்டடி திரும்புவாள். "காதுல விழுந்துச்சா, இல்ல தந்தி அடிக்கணுமா?"

அண்ணன் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டுவான்.

எங்கள் ஸ்டேஷனைப் பற்றியும் சொல்ல வேண்டும். மிகப் பழைய ஸ்டேஷன். கல் சுவர், மரத்தில் டிக்கெட் ஜன்னல், எத்தனையோ பேர் முழங்கை ஊன்றிக் குழி விழுந்த அதன் பலகை, பிளாட்பாரக் கோடியில் பித்தளை மணி, எஞ்சின் தண்ணீர் குடிக்கிற இரும்புக் குழாய். வண்டியில் ஏறாமல் ஸ்டேஷனை மட்டும் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. பாதுகாக்க வேண்டிய கட்டடம் என்று அறிவித்துவிட்டார்கள். சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூட அனுமதி கிடையாது. ஸ்டேஷன் மாஸ்டர் அந்தச் சுவர்களைக் கண்ணை இமை காப்பதுபோல் காப்பார். அண்ணி கேன்டீனில் காலண்டர் மாட்டப் போனபோது சுத்தியலைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். இன்றுவரை காலண்டர் பிஸ்கட் டப்பாவின்மேல் சாய்ந்துகொண்டுதான் தேதி சொல்கிறது.

நான் பால்கனியில் நின்ற முதல் பருவத்தில் எல்லாம் நன்றாகவே போனது. பிறகு ஒருநாள் அருவி வளைவில் அது நடந்தது.

அந்த இடத்தில் பாதை மலையைச் சுற்றித் திரும்பும். ஒரே பக்கமாக அருவி தெரியும். வண்டியில் இருக்கிற அத்தனை பேரும் அந்தப் பக்க ஜன்னலுக்கு வந்துவிடுவார்கள். நான் பச்சையை நீட்டிப் பிடித்திருந்தேன். பாதை துடைத்து வைத்ததுபோல் இருந்தது. திடீரென்று பின்னாலிருந்து ஒரு குலுக்கல். வண்டி நின்றுவிட்டது. ஏற்றத்திலேயே மோசமான ஏற்றம் அது.

அண்ணன் எஞ்சினிலிருந்து இறங்கி நடந்து வந்தான். மாமாவும் கூடவே வந்தார். ஜன்னல் முழுக்கத் தலைகள்.

"மாமா, எதுக்கு நிறுத்தினான்னு அவளைக் கேளுங்க" என்றான் அண்ணன்.

"நான் நிறுத்தலை. பச்சைதான் காட்டினேன்னு சொல்லுங்க மாமா."

மாமா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் செவப்பு பாத்தேம்மா. உன் பெட்டியிலருந்துதான் வந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன்."

அவர் பொய் சொல்கிறவர் இல்லை, அதுதான் என்னைக் குழப்பியது. மறுபடி நீராவி ஏறி வண்டி நகர வெகுநேரம் ஆயிற்று. மேலே போய்ச் சேர்ந்தபோது பயணிகள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். என் பெட்டியின் கடைசி ஜன்னலிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தார். தோளில் நீளமாக ஒரு சால்வை. ரத்தச் சிவப்பு. காற்றில் பறக்காமல் இருக்க அதை இழுத்து இழுத்துச் சுற்றிக்கொண்டே போனார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஜன்னலுக்கு வெளியே அது பறந்திருக்கிறது. வளைவில் நின்ற மாமாவுக்குச் சிவப்பு மட்டும் தெரிந்திருக்கிறது. நான் பால்கனியிலிருந்து இறங்கி ஓடுவதற்குள் அவர் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விட்டார்.

மறுநாள் ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் இன்ஸ்பெக்டர் விசாரித்தார். நான் சால்வையைப் பற்றிச் சொன்னேன்.

அண்ணன் சுவரைப் பார்த்துச் சொன்னான்: "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்."

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "உன் உழைப்பைப் பத்தி எனக்குக் குறை இல்லம்மா. ஆனா காரணம் இல்லாம இன்னொரு தடவை வண்டி நின்னுச்சுன்னா உன்னை டிக்கெட் கவுண்டருக்குத்தான் போடணும். அங்கயும் நல்ல வேலைதான். நிழல்ல உக்காரலாம்."

"கவுண்டர்ல ஜன்னல் இருக்கு சார், மலை இல்லையே" என்றேன். அவருக்குப் புரியவில்லை. அண்ணனுக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன். அவன் சட்டென்று எழுந்து வெளியே போய்விட்டான்.

அழுதுகொண்டு உட்காருகிற ரகம் இல்லை நான். வீட்டில் ஒருதடவை அழுதேன், அதோடு சரி. மறுநாள் முதல் வேலையாக மாமாவைப் பிடித்தேன்.

"மாமா, நீங்க பாத்தது கொடியா, துணியா?"

"செவப்பு பாத்தேன். செவப்புல கொடி என்ன, துணி என்ன?"

"கொடின்னா கம்பு இருக்கும். கை இருக்கும். கை பாத்தீங்களா?"

அவர் யோசித்தார். மறுநாளும் யோசித்தார். நான் விடவில்லை. டீ குடிக்கும்போது சால்வை, எண்ணெய் விடும்போது சால்வை, வீட்டுக்குப் போகும்போது சால்வை. கடைசியில் மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டார். "தாயே, அது சால்வைதான். கை பாத்த ஞாபகம் இல்ல. இனிமே செவப்பு தெரிஞ்சா ஒண்ணுக்கு ரெண்டு தடவை பாத்துட்டுத்தான் என் கொடியைத் தூக்குவேன். போதுமா?"

போதும் என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் பின்னால் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று அப்போது தெரியவில்லை.

அடுத்து ஸ்டேஷன் மாஸ்டரிடம் போனேன். டிக்கெட் ஜன்னல் பக்கத்தில் ஒரு பலகை வேண்டும், சிவப்புத் துணி எதையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டாதீர்கள் என்று அதில் எழுத வேண்டும் என்றேன்.

"பலகையை எங்கம்மா மாட்டறது?"

"சுவத்துல சார்."

"சுவத்துல ஆணியா?" அவர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். "மேலிடத்துக்கு எழுதிப் போடறேன். பதில் வரட்டும்."

பதில் வருகிற வரைக்கும் மலை காத்திருக்குமா? பலகை இல்லாவிட்டால் என்ன, வாய் இருக்கிறது. தினமும் வண்டி கிளம்புமுன் இரண்டு பெட்டிக்குள்ளும் நடப்பேன். சிவப்புத் தொப்பி, சிவப்புப் பை, சிவப்புக் கைக்குட்டை, எதைப் பார்த்தாலும் நின்றுவிடுவேன். "இதை மட்டும் ஜன்னலுக்கு வெளிய கொண்டுபோகாதீங்க. வண்டி நின்னுடும்." சிலர் சிரித்துக்கொண்டே உள்ளே வைத்தார்கள். சிலர் மாடா நாங்கள், சிவப்பைக் கண்டால் மிரள என்று கேட்டார்கள். ஒருவர் புகார் எழுதிப் போட்டுவிட்டார். ஸ்டேஷனில் எனக்கு செவப்பு போலீஸ் என்று பெயர் விழுந்தது. பெயர் வைத்தது யார் என்று அண்ணியிடம் கேட்டேன். அண்ணி எஞ்சினைப் பார்த்தாள்.

"அவருக்கு ஒண்ணு சொல்லிடுங்க அண்ணி. போலீஸ்னு சொன்னதுக்குச் சம்பளமும் அப்படியே குடுக்கச் சொல்லுங்க."

அண்ணி போய்ச் சொன்னாள். அண்ணனின் மீசை லேசாக அசைந்தது.

அப்புறம் மழைக்காலம். பாதையில் மண் சரியாத நாளாகப் பார்த்து வண்டி விட்டார்கள். அன்று காலை மழை விட்டிருந்தது. பிளாட்பாரத்தில் ஒரு மனிதர் பெரிய சிவப்புக் குடையோடு வந்து என் பெட்டியில் ஏறினார். நான் வழக்கப்படி போய் நின்றேன்.

"குடை என்னோடது, கை என்னோடது. எங்க பிடிச்சா உனக்கென்ன?" என்றார்.

"உங்க தலைக்கு மேல ஏற்கெனவே ஒரு கூரை இருக்கு சார். அதுக்கும் மேல குடை எதுக்கு?"

பெட்டி முழுக்கச் சிரிப்பு. அவர் முகம் குடைபோலவே சிவந்தது. முணுமுணுத்துக்கொண்டே குடையை மடக்கி சீட்டுக்கு அடியில் தள்ளினார். பின்பெட்டி படியில் நின்ற மாமா இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நல்ல வேளை, பிரச்சினை தீர்ந்தது என்று நானும் நினைத்தேன்.

வண்டி ஏறியது. மலை குளித்துவிட்டு நின்றது. மலையைக் குடைந்து பாதை போட்ட குகையைத் தாண்டினால் ஒரு சின்னப் பாலம் வரும். பாலம் என்று சொல்வதுகூட அதிகம். அடியில் ஓர் ஓடை, மேலே பாதை, அவ்வளவுதான். அந்த இடத்தில் நான் எத்தனையோ நாள் ஜல்லி இறுக்கியிருக்கிறேன். குகையிலிருந்து வெளியே வந்ததும் தூரத்தில் தண்டவாளம் எப்போதும்போல் நேராகக் கிடந்தது. ஆனால் அதைத் தாங்குகிற கட்டைகளுக்கு நடுவே ஏதோ மினுங்கியது. உற்றுப் பார்த்தேன். தண்ணீர். கட்டைகளுக்கு அடியில் கல் இல்லை, மண் இல்லை. ஓடை எல்லாவற்றையும் அரித்துக்கொண்டு போய்விட்டது. தண்டவாளம் இரண்டும் அந்தரத்தில் தொங்கின.

சிவப்பை எடுத்து முழுக் கையையும் நீட்டிப் பிடித்தேன். வண்டி நிற்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். குகை வாயில் வளைவில் பின்பெட்டி வந்துகொண்டிருந்தது. மாமாவின் கையில் பச்சை. நான் கொடியை வீசி ஆட்டினேன். விசிலை ஊதினேன், எஞ்சின் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை. மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். பச்சைக் கொடியை இறக்காமலே இன்னொரு கையால் ஜாடை காட்டினார்: குடையை மடக்கச் சொல்லு, உள்ளே வாங்கச் சொல்லு.

என் கொடியை அவர் அந்த மனிதரின் குடை என்று நினைத்துவிட்டார். சிவப்பென்றால் துணி என்று ஓதி ஓதி அவர் மண்டையில் ஏற்றியவளே நான்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டது என்பார்களே, அது இதுதான்.

யோசிக்க நேரமில்லை. கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கை பிரேக் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்தேன். அந்தச் சக்கரத்தை ஒரு சுற்று சுற்றினால் ஒன்றும் நடக்காது. சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அப்புறம்தான் கீழே பிரேக் கட்டை பெட்டியின் சக்கரத்தைக் கடிக்கும். சுற்றினேன். அது வெறும் வெயிலா, உனக்குத்தான் கண் கூசியதா என்று மனசு கேட்டது. சுற்றினேன். கயிற்றைப் பாம்பென்று கத்தினவள்தானே நீ என்றது. சுற்றினேன். இதோடு கவுண்டர்தான், ஆயுசுக்கும் நாலு கம்பி ஜன்னல்தான் என்றது. இருக்கட்டும், இந்தப் பெட்டியில் இருக்கிறவர்கள் கீழே போகக் கூடாது என்று சுற்றினேன். பிரேக் கடித்தது. பெட்டி அலறியது. முன்னால் நான் பிடிக்க, பின்னால் அண்ணன் தள்ள, நடுவில் பெட்டி நடுங்கியது. பயணிகள் கத்தினார்கள். என் தோள் இரண்டும் கழன்றுவிடும்போல் இருந்தது. வேகம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. ஒரு மனுஷி எஞ்சினோடு எவ்வளவு நேரம் மல்லுக்கட்டுவாள்?

அப்போது பின்னால் எஞ்சினின் சத்தம் மாறியது. தள்ளுகிற மூச்சு நின்றது. ஒரு நீண்ட பெருமூச்சு கேட்டது. வண்டி நின்றுவிட்டது.

அந்தப் பள்ளத்துக்கும் என் பால்கனிக்கும் நடுவே ஒரு பெட்டி நீளம்கூட இல்லை.

அண்ணன் நடந்து வந்தான். என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டிப் போய்ப் பாதையின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். தண்டவாளத்துக்கு அடியில் கையை விட்டான். கை தோள்வரை போனது, எதுவும் தட்டவில்லை. எழுந்து வந்து பால்கனிக்குக் கீழே நின்றான். நான் இன்னும் சக்கரத்தைப் பிடித்த பிடியை விடவில்லை.

"கை வலிக்குதா?" என்று கேட்டான்.

என்னிடம்தான் கேட்டான். நடுவில் யாரும் இல்லை.

"அண்ணிகிட்ட சொல்லி அனுப்பறேன்" என்றேன்.

அவன் சிரித்தான். சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. என்னாலும் அடக்க முடியவில்லை. அத்தனை பேர் பார்க்க வாய்விட்டு அழுதேன். அழுதுகொண்டேதான் கேட்டேன், "மாமா பச்சைதானே காட்டினாரு, நீ எப்படி நிறுத்தினே?"

"கொடி பச்சைதான் சொல்லுச்சு. வண்டிதான் வேண்டாம்னுச்சு. முன்னாடி யாரோ பிடிக்கிறது எனக்கு ரெகுலேட்டர்ல தெரிஞ்சுச்சு." ரெகுலேட்டர் என்பது நீராவியைத் திறந்து மூடுகிற கைப்பிடி. அண்ணன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "மொதல்ல, அவசரக்குடுக்கை ஏதோ பண்றான்னுதான் நெனச்சேன். அப்புறம்தான் தோணுச்சு. அவசரத்துல கொடியை ஆட்டலாம். இந்தச் சக்கரத்தை இவ்வளவு சுத்து சுத்த முடியாது. சுத்தி முடிக்கறதுக்குள்ள பயந்தவளுக்கு மனசு மாறிடும். நீ மாறலை. விடாமப் பிடிச்சே. அதான் மூடிட்டேன்."

மாமா வந்தார். பள்ளத்தைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. "அந்த ஆளோட குடைன்னு நெனச்சுட்டேம்மா. நீதான சால்வை சால்வைன்னு என் உயிரை எடுத்தே" என்றார்.

"ஆமா மாமா. உங்க தப்பு பாதி, என் தப்பு பாதி" என்றேன். எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை.

குடைக்காரர் பெட்டியிலிருந்து எட்டிப் பார்த்தார். குடை அவர் மடியில் மடங்கிக் கிடந்தது. பாவம், அந்த மனுஷன் அதுவரை அதைத் தொடவே இல்லை. கிளம்பியதிலிருந்து சீட்டுக்கு அடியிலேயே இருந்திருக்கிறது. வண்டி குலுங்கியபோதுதான் பயந்துபோய் எடுத்துக் கட்டிப்பிடித்திருக்கிறார்.

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "அன்னிக்கு அருவிகிட்ட. அது சால்வைதானா?"

"சால்வைதான்."

வண்டியைப் பின்னோக்கி இறக்கி ஸ்டேஷனுக்கே கொண்டுபோக வேண்டும். வழக்கப்படி நான் பெட்டிக்குள் நடக்கத் தயாரானேன். அண்ணன் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு அவனே ஏறினான். முகத்தில் கரி, கையில் எண்ணெய்த் துணி. சீட்டு சீட்டாக நடந்தான். சிவப்புக் கைக்குட்டை, சிவப்புத் தொப்பி, ஒரு குழந்தையின் சிவப்புக் காலுறை, எல்லாவற்றையும் பைக்குள் வைக்கச் சொன்னான்.

"இந்த வண்டியில செவப்புன்னா அது என் தங்கச்சி கையில மட்டும்தான் இருக்கணும்" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

பாதையைச் சரிசெய்ய நாளாயிற்று. கேங் ஆட்கள் ஓடையைத் திருப்பி விட்டு, கல் கட்டி, மண் நிரப்பினார்கள். இன்ஸ்பெக்டர் வந்து என்னைப் பார்த்து, கவுண்டர் பேச்சே எடுக்காமல், மழைக்கு நல்ல கோட்டு ஒன்று தரச் சொல்லுகிறேன் என்றார். கோட்டு என்ன நிறம் என்று கேட்டேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மறுபடி வண்டி ஓடுகிற அன்று காலை நான் பிளாட்பாரத்துக்குள் நுழையும்போது டங் டங் என்று சத்தம். ஸ்டேஷன் மாஸ்டர் தன் அறையிலிருந்து ஒரு கையில் டீயோடு ஓடி வந்தார். டிக்கெட் ஜன்னல் பக்கத்தில் ஒரு ஸ்டூல். அதன்மேல் அண்ணன், வாயில் ஓர் ஆணி, கையில் சுத்தியல். ஸ்டூலை அண்ணி பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பழைய கல் சுவரில், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கிற சாந்தில், இன்னோர் ஆணி ஏற்கெனவே இறங்கியிருந்தது. அதில் ஒரு பலகை கோணலாகத் தொங்கியது. அண்ணனின் கையெழுத்து அதைவிடக் கோணல். 'சிவப்பு எதையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டக் கூடாது' என்று எழுதியிருந்தான்.

"ஐயோ, என்ன வேலை பண்றீங்க? யாரைக் கேட்டு ஆணி அடிச்சீங்க?" என்று ஸ்டேஷன் மாஸ்டர் கத்தினார்.

அண்ணன் வாயிலிருந்த ஆணியை எடுத்தான். சுத்தியலால் என்னைச் சுட்டிக் காட்டினான்.

"முன்னாடி நிக்கிறவ சொன்னா. இந்த லைன்ல முன்னாடி நிக்கிறவ சொன்னா பின்னாடி இருக்கறவன் செய்யணும் சார், அதானே சட்டம்" என்று சொல்லிவிட்டு, இரண்டாவது ஆணியையும் அடித்தான்.